ஐந்தாம் நம்பர் சட்டை

"பெண் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைக்கிற சமுதாயம் ஒருநாளும் உருப்படாது!"

அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, வலது கையை உயர்த்தி முழங்கினார் அண்ணன். இடுப்பில் துண்டு, மேலே கை வைத்த பனியன், மூக்கு நுனியில் கண்ணாடி. பின்னால் அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த தங்கையின் கை அப்படியே நின்றது. சட்டை தீய்ந்துவிடக் கூடாதே என்று பெட்டியை மட்டும் தூக்கி நிமிர்த்தி வைத்தாள்.

"எப்படி?" என்றார் அண்ணன், கண்ணாடியைப் பார்த்தபடியே.

"காலர்ல இன்னொரு தடவை தேய்க்கணும்."

"சட்டைய யாரு கேட்டா? பேச்சு எப்படின்னு கேக்கறேன்."

"நல்லாத்தான் இருக்கு. யார் எழுதிக் கொடுத்தாங்க?"

"ஏன், நான் எழுதியிருக்க மாட்டேனா? கருத்து என்னோடது. எழுத்து மட்டும் நம்ம கணக்குப்பிள்ளையோடது." அண்ணன் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி கையை உயர்த்தினார். "பெண் பிள்ளைகளை வீட்டுக்குள்…"

ஊரில் அண்ணனைப் பூட்டுக்கடைக்காரர் என்றால்தான் தெரியும். பூட்டு, தாழ்ப்பாள், கீல், சங்கிலி, ஆணி. அப்பா வைத்த கடை, அண்ணன் பெருக்கிய கடை. காசு சேர்ந்தவனுக்கு அடுத்ததாகப் பேர் வேண்டும் என்று தோன்றுவது ஒன்றும் அதிசயமில்லை. பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் புதிதாக ஒரு வாலிபால் கோர்ட் கட்டிக் கொடுத்தார். சுற்றிலும் கம்பி வலை, இரும்புக் கேட், கேட்டுக்குக் கடையிலிருந்தே பெரிய பூட்டு ஒன்று. திறப்பு விழா வெறுமனே நடந்தால் எடுப்பாக இருக்காதென்று தலைமையாசிரியை ஒரு யோசனை சொன்னார். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் கோப்பை வாங்கி வந்த பெண்கள் அணி ஒன்று உண்டல்லவா, அவர்களைக் கூப்பிட்டு மேடையேற்றி மெடல் போட்டால் என்ன? அந்தக் கோப்பைக்குப் பிறகு அந்தப் பள்ளி ஒரு தேங்காய் மூடிகூட ஜெயித்ததில்லை என்பது வேறு விஷயம்.

அந்த அணியில் ஐந்தாம் நம்பர், அண்ணனின் சொந்தத் தங்கை. கேட்க வேண்டுமா? மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"நீயும் மேடை ஏறணும். நான்தான் மெடல் போடறேன். அண்ணன் கையால தங்கச்சிக்கு மெடல்! ஃபோட்டோ எப்படி வரும், நெனச்சுப் பாரு!"

"நான் ஃபைனல் ஆடலையே, அண்ணே."

அண்ணன் திரும்பினார். "ஆடலையா? ஸ்கூல் ரெக்கார்டுல உன் பேர்தானே இருக்கு?"

"பேர் இருக்கு. நான் ஆடல. ஏன் ஆடலன்னு உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

அண்ணன் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "ஆமாமா, உனக்குக் காய்ச்சல் இல்ல அன்னைக்கு? அம்மாகூட மாத்திரை வாங்கிட்டு வரச் சொன்னாங்களே."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அண்ணன் பொய் சொல்லும்போது எப்படி இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். கடையில் துருப்பிடித்த சரக்கைத் தள்ளிவிடும்போது இடது கண் கொஞ்சம் சிறுத்துப் போகும். இப்போது கண் சிறுக்கவில்லை. மனிதர் மறந்தே போயிருந்தார். அடித்தவனுக்குக் கைவலி ஒருநாள்தான். அது போன பிறகு அவனுக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

"காய்ச்சல் இல்லண்ணே" என்றாள்.

"அட, என்னவோ ஒண்ணு. ஆடினா என்ன, ஆடாட்டி என்ன? கூட்டத்துல அதெல்லாம் யாருக்குத் தெரியப் போகுது? நீ பாட்டுக்கு வந்து நில்லு." அவர் குளிக்கப் போய்விட்டார்.

சமையலறையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். அண்ணி நல்லவள்தான், ஆனால் வீட்டில் யார் சாப்பாடு போடுகிறார்கள் என்பதை யாரும் மறந்துவிடக் கூடாது என்பதில் கவனமானவள். "அவர் ஆசைப்படறார். மூஞ்சியத் தூக்கி வச்சுக்காம சிரிச்ச மாதிரி வந்து நில்லும்மா. இந்த வீட்டுல உனக்கு என்ன குறை வச்சிருக்கார்?"

என்ன குறை? ஒரு குறையும் இல்லை. மூன்று வேளைச் சோறு, பின்கட்டில் ஒரு அறை, வருடத்துக்கு இரண்டு புடவை. அந்த அறை எந்த அறை என்பதுதான் அண்ணிக்குத் தெரியாது. அது நடந்தபோது அவள் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கவில்லை.

நடந்தது இதுதான்.

வாலிபாலில் லிஃப்டர் என்று ஒருத்தி உண்டு. பின்னால் நிற்பவர்கள் வாங்கித் தருகிற பந்தை நெட்டுக்குப் பக்கத்தில் பதமாகத் தூக்கிக் கொடுப்பவள் அவள். அடிக்கிறவளுக்குக் கைதட்டல் கிடைக்கும். தூக்கிக் கொடுப்பவளை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அவள் தூக்குகிற பந்து ஒரு சாண் தள்ளிப் போனால் எப்பேர்ப்பட்ட சூரப்புலியும் காற்றைத்தான் அடிக்க வேண்டும். பள்ளி அணியில் லிஃப்டர் இவள். அடிக்கிறவள் பேர் ஒட்டடைக்குச்சி. அத்தனை உயரம், அத்தனை ஒல்லி. பெஞ்சில் உட்கார்ந்தால் முட்டி மேசையில் இடிக்கும். கோர்ட்டுக்குள் இரண்டு பேரும் வாய் திறந்து பேசிக்கொண்டதே கிடையாது. இவள் புருவத்தைத் தூக்கினால் அவள் பறப்பாள். வெளியே வந்தால் இரண்டு பேரையும் வாயடைக்க யாராலும் முடியாது. ஒரே டிபன் டப்பா, ஒரே சீப்பு, ஒரே சண்டை.

ஃபைனல் வெளியூரில். காலையில் வேன் வந்து வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்துத்தான் பெண் பார்க்க வருகிறோம் என்று ஒரு வீட்டிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள். அப்பா போய்ச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்கு ஆம்பளை என்று இருந்தவர் அண்ணன் ஒருத்தர்தான். மீசை அரும்பிய வயதிலேயே அவருக்கு மானம், மரியாதை, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிற மூன்று பாரமும் தலையில் ஏறிவிட்டது.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற நேரத்துல இவ அரைக்கால் டவுசரப் போட்டுக்கிட்டு எங்கயோ குதிச்சிட்டு இருந்தா விளங்குமா?" என்றார் அம்மாவிடம்.

"சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேண்ணே. சத்தியமா வந்துடுவேன். இது ஒண்ணு மட்டும். இதுக்கப்புறம் பந்தத் தொடவே மாட்டேன்" என்று அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

பின்கட்டு அறையில் அவள் ஷூவை எடுக்கப் போனபோது அண்ணன் கதவைச் சாத்தி, கடையிலிருந்து கொண்டுவந்த புதுப் பூட்டைப் போட்டுப் பூட்டினார்.

வேன் ஹாரன் அடித்தது அவளுக்குக் கேட்டது. "லிஃப்டர்! ஏய் லிஃப்டர்! நேரமாச்சுடி!" என்று தெருவிலிருந்து ஒட்டடைக்குச்சி கத்தியதும் கேட்டது. அவள் கதவைத் தட்டினாள், உதைத்தாள், தொண்டை கிழியக் கத்தினாள். அண்ணன் ரேடியோவை அலற விட்டுவிட்டு வாசலுக்குப் போனார். போய்ச் சொன்னதுதான் கொடுமை. பூட்டியதைவிடப் பெரிய கொடுமை.

"அவ வரலையாம். கல்யாணம் கட்டிக்கப் போறவளுக்கு இனிமே பந்து எதுக்குன்னு அவளே சொல்லிட்டா. நீங்க கிளம்புங்க."

வேன் போய்விட்டது.

மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அன்றைக்கு வரவே இல்லை. வண்டி பழுதாம், அடுத்த வாரம் பார்க்கலாமாம். பொழுது சாயும்போது அண்ணன் பூட்டைத் திறந்து, "அவங்க இன்னைக்கு வரலியாம். வா, வந்து சாப்பிடு" என்றார். அவ்வளவுதான். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கைகளும் வீங்கிச் சிவந்து போயிருந்தன. அம்மா அந்தக் கைகளைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதடி. அண்ணன ஊர் வாய்ல போட்டுடாத. நமக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான். என் மேல சத்தியம்."

நம் வீடுகளில் பெண்ணின் வாய்க்கு இப்படித்தான் பூட்டுப் போடுவார்கள். அதற்குச் சாவியே செய்வதில்லை.

மறுநாள் காலையில் கொல்லைக் கதவைத் தட்டிக்கொண்டு சுண்டு வந்தாள். சுண்டு அந்த அணியிலேயே இல்லாதவள். பள்ளியில் கூட்டிப் பெருக்குகிற அம்மாவின் மகள். கோர்ட்டுக்கு வெளியே போகும் பந்துகளை ஓடி ஓடிப் பொறுக்கிப் போடுவாள். பொறுக்கிப் போட்டுப் போட்டே எப்படித் தூக்குவது என்று பார்த்துக் கற்றுக்கொண்டவள். அவள் கையில் மடித்து வைத்த ஐந்தாம் நம்பர் சட்டை இருந்தது.

"அக்கா, விளையாட்டு மாஸ்டர் உங்க இடத்துல என்னை ஆடச் சொல்லிட்டாருக்கா. பேரெல்லாம் ஏற்கெனவே கொடுத்தாச்சாம், மாத்த முடியாதாம். உங்க சட்டையப் போட்டுக்கிட்டு, உங்க பேர்ல நான்தான் ஆடினேன். தொளதொளன்னு இருந்துச்சு, பின்னால ஊக்கு குத்திக்கிட்டேன். வேர்வையாக்கிட்டேன்க்கா. துவைச்சுட்டேன்."

"ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சுட்டோம்க்கா." சுண்டு சிரிக்கவில்லை. "வெளிய சொன்னா கப்பப் பிடுங்கிடுவாங்களாம். மூச்சு விடக் கூடாதுன்னு மாஸ்டர் சொன்னார். ஃபோட்டோ எடுத்தாங்க. என்னை நிக்க வேணாம்னுட்டாங்க. எல்லாரோட செருப்பையும் பிடிச்சுக்கிட்டு கேமராக்காரருக்குப் பின்னால நின்னேன்."

அந்தச் சட்டையை வாங்கிக்கொண்டு அவள் அன்றைக்குத்தான் அழுதாள். பூட்டிய நாளில் வராத அழுகை.

அப்புறம் கதை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கல்யாணம் நடந்தது. ஒட்டடைக்குச்சிக்குப் பத்திரிகை வைத்தாள், அவள் வரவில்லை. கடுதாசி போட்டாள், பதிலில்லை. சில வருடம் குடித்தனம் பண்ணிப் பார்த்துவிட்டு, குழந்தை இல்லை என்று ஒரு பெட்டியோடு திருப்பி அனுப்பினார்கள். அண்ணன் பெருந்தன்மையாகச் சேர்த்துக்கொண்டார். பின்கட்டு அறை காலியாகத்தான் இருந்தது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான். அம்மாவும் போய்விட்டாள், ஆனால் போகும்போது சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

மெடல் யாருக்கு வேண்டும்? அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒட்டடைக்குச்சியைப் பார்த்து, 'நான் வரமாட்டேன்னு சொல்லலடி' என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அண்ணனை ஊர் வாயில் போட்டதாக ஆகும். அண்ணனை ஊர் வாயில் போட்டுவிட்டு அண்ணன் வீட்டுச் சோற்றை எப்படித் தின்பது? இஸ்திரிப் பெட்டி ஆறிக்கொண்டிருந்தது. அவள் மறுபடி சுவிட்சைப் போட்டு, காலரைத் தேய்த்து முடித்தாள்.

பள்ளி மைதானத்தில் பந்தல், நாற்காலி, மைக். மேடைக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பெண்மணிகள் கூட்டமாக நின்று ஒருத்தியை ஒருத்தி இடித்துக் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு முட்டி வலி, ஒருத்திக்குச் சர்க்கரை, ஒருத்திக்குத் தலைச்சாயம் நெற்றியில் வழிந்திருந்தது. அந்தக் கூட்டத்துக்கு மேல் ஒரு தலை தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. நரைத்த தலை. முதுகு லேசாகக் கூன் போட்டிருந்தது.

அவள் பக்கத்தில் போனதும் சிரிப்பு நின்றது.

"வந்துட்டியா?" என்றாள் ஒட்டடைக்குச்சி. "இந்தத் தடவ வரலன்னு சொல்லியனுப்பலையா?"

"நான்…"

"பரவால்ல விடு. நீ இல்லாமலே ஜெயிச்சோம். இப்ப மெடல் மட்டும் வாங்கிக்க வந்திருக்கே. நல்லாயிரு."

சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முப்பத்தைந்து வருடம் கழித்தும் அந்த முகத்தில் கோபம் பச்சையாக இருந்தது. கோபம் அத்தனை நாள் காயாமல் இருந்ததென்றால் அதற்கடியில் பாசம் எத்தனை இருந்திருக்கும் என்று தங்கைக்குப் புரிந்தது. வாய் திறந்தாள், அதற்குள் மைக்கில் பேர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

மேடையேறும் படியில் ஒரு பெண் குனிந்து கடைசிக் குப்பையை முறத்தில் வாரிக்கொண்டிருந்தாள். குட்டையான உருவம், பள்ளிப் பணியாளர்களின் நீலச் சேலை. நிமிர்ந்தவள் இவளைப் பார்த்துக் கண்ணை விரித்தாள்.

"அக்கா! நல்லாயிருக்கீங்களாக்கா?"

"சுண்டு! நீ இங்கயா இருக்கே?"

"எங்கம்மா வேலை எனக்குக் கொடுத்தாங்கக்கா. நீங்க மேல போங்க, கூப்பிடறாங்க."

அண்ணன் பேசினார். வெள்ளைச் சட்டை மொடமொடவென்று இருந்தது. பெண் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைக்கிற சமுதாயம் ஒருநாளும் உருப்படாது என்றார், கையை உயர்த்தி. கைதட்டல் பந்தலைத் தூக்கியது. ஒவ்வொருத்தியாக வந்து மெடல் வாங்கினார்கள். தங்கையின் முறை வந்தபோது அண்ணன் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மெடலைப் போட்டார். "கொடையாளரோட தங்கையே நம்ம சாம்பியன்! ரெண்டு வார்த்தை பேசணும்" என்று தலைமையாசிரியை மைக்கை அவள் கையில் திணித்தார்.

அவளுக்குப் பேசத் தெரியாது. வாழ்நாளில் மைக்கைப் பிடித்ததில்லை. கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. வரிசையின் கோடியில் நின்ற நரைத்த தலையை மட்டும் பார்த்தாள்.

"இந்த மெடல் என்னோடது இல்ல. அன்னைக்கு நான் ஆடல. வரமாட்டேன்னு நான் சொல்லவும் இல்ல." மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எங்கண்ணன் என்னை ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிட்டார். வேன் வந்தது கேட்டுச்சு. நீ கூப்பிட்டது கேட்டுச்சுடி. நான் கதவத் தட்டிக்கிட்டே இருந்தேன். ரேடியோ சத்தத்துல உனக்குக் கேக்கல. என் சட்டையப் போட்டுக்கிட்டு ஆடினவ அதோ, முறத்தோட நிக்கிறாளே, அவ. இது அவளுக்குச் சேர வேண்டியது."

அண்ணன் முகம் வெளிறிப் போனதை முன்வரிசையில் இருந்த அண்ணி மட்டும் பார்த்தாள். ஆனால் வியாபாரி என்பவன் சும்மாவா வியாபாரி? அடுத்த நொடி மனிதர் சுதாரித்துக்கொண்டு, மைக்கை வாங்கி, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பாத்தீங்களா எங்க வீட்டுப் பொண்ண! சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான், அண்ணன வாருறதுன்னா சக்கரை! சரிம்மா, பூட்டுக்கடைக்காரன் பூட்டாம வேற என்ன பண்ணுவான்? அன்னைக்குப் பூட்டினதுக்கு அபராதமாத்தானே இன்னைக்கு இவ்வளவு பெரிய கோர்ட்டையே கட்டித் தந்திருக்கேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. என்னமாய்ச் சிரித்தது! விசில் வேறு. வீங்கிய இரண்டு கைகள், ரேடியோ, கொல்லைக்கதவு, முப்பத்தைந்து வருடம் எல்லாம் ஒரு நகைச்சுவைத் துணுக்காகிப் போயின. அவள் அழுதிருந்தால்கூட ஆனந்தக் கண்ணீர் என்றிருப்பார்கள். சிரித்த வாய் மூடாமலே அண்ணன் அவள் காதுப் பக்கம் குனிந்து, "வீட்டுக்கு வா, வச்சுக்கறேன்" என்றார்.

மேடையில் சிரிக்காதவர்கள் அந்தப் பெண்மணிகள் மட்டும்தான்.

அதற்குள் கீழே இறங்கிய தலைமையாசிரியை சுண்டுவை முறைத்துக்கொண்டிருந்தார். "என்னம்மா இது? பேர் மாத்தி ஆடினீங்கன்னு வெளிய தெரிஞ்சா ஸ்கூல் மானம் என்ன ஆகறது? போ, போய் டீ டம்ளரெல்லாம் கழுவு" என்றார் அடிக்குரலில். தங்கை மெடலைக் கழற்றிக்கொண்டு இறங்கி ஓடினாள்.

"வேணாம்க்கா." சுண்டு முறத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள். "கும்பிட்டுக் கேட்டுக்கறேன். என் பிழைப்புல மண்ணப் போட்டுடாதீங்க. நான் ஆடலக்கா. யார் கேட்டாலும் நான் ஆடலன்னுதான் சொல்வேன். எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னப்பகூட அவர் நம்பல, புருடா விடாதடின்னு அறைஞ்சார். அதோட நான் அத மறந்துட்டேன்." சொல்லிக்கொண்டே அழுதாள். மறந்தவள் யாராவது அப்படி அழுவாளா?

விருந்தினர்கள் டீக்குப் போனார்கள், அந்தப் பெண்மணிகள் போகவில்லை. யாரும் யாரையும் கூப்பிடாமலே புதுக் கோர்ட்டுக்குள் வந்து நின்றார்கள். ஒட்டடைக்குச்சி கடைசியாக வந்தாள். தங்கைக்கு முன்னால் வந்து நின்று அவள் உள்ளங்கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், தட்டிய தடம் இன்னும் இருக்கும் என்பதுபோல.

"தட்டினியா?"

"தட்டினேன்."

"நாசமாப் போனவளே, எனக்கு ஏன்டி கேக்காமப் போச்சு? இறங்கி வந்து ஒரு எட்டு வீட்டுக்குள்ள பாத்திருக்கலாமே. அந்தாளு சொன்னத வேதவாக்கா எடுத்துக்கிட்டு வேன்ல ஏறிட்டேனே!" அவள் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். "கல்யாணம்னதும் என்னைத் தூக்கிப் போட்டுட்டான்னு எத்தனை வருஷம் உன்னத் திட்டியிருக்கேன் தெரியுமா? அந்தக் கப்புக்கப்புறம் நான் ஆடவே போகலடி. நீ தூக்கிக் கொடுக்காம நான் எத அடிக்கறது?"

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுததை மற்றவர்கள் பார்க்காத மாதிரி வேறு பக்கம் பார்த்தார்கள்.

யாரோ பந்தை எடுத்து வந்தார்கள். கம்பி வலைக்கு வெளியே பள்ளிப் பெண்கள் சிலர் வேடிக்கை பார்த்து நின்றார்கள். பின்னாலிருந்து ஒருத்தி பந்தைப் போட்டாள். தங்கை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்துக்குக் கீழே வந்தாள். அவள் விரல்களுக்கு எதுவும் மறந்திருக்கவில்லை. பந்து நெட்டுக்குப் பக்கத்தில், பழைய அதே இடத்தில், அதே உயரத்தில் போய் நின்றது. அவள் புருவத்தைத் தூக்கினாள்.

ஒட்டடைக்குச்சி கையை ஓங்கிக்கொண்டு இரண்டடி வந்தாள். குதிக்கத்தான் பார்த்தாள். முட்டி விடவில்லை. கை பந்துக்கு எட்டவில்லை. பந்து அவள் முகத்துக்கு முன்னாலேயே இறங்கி, தரையில் விழுந்து, கோட்டைத் தாண்டி உருண்டு போனது.

சரியாகத்தான் தூக்கிக் கொடுத்திருந்தாள். முப்பத்தைந்து வருடம் தாமதமாகக் கொடுத்திருந்தாள், அவ்வளவுதான். இந்தக் கணக்கை எந்த மெடலால் நேர்செய்வது?

கேட் ஓரம் டம்ளர்களோடு போய்க்கொண்டிருந்த சுண்டு, பழக்க தோஷம், டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு ஓடிப் போய்ப் பந்தை எடுத்தாள். எடுத்துத் தூக்கிப் போடப் போனவளை ஒட்டடைக்குச்சி தடுத்தாள்.

"போடாத. எடுத்துக்கிட்டு உள்ள வா. உன் இடம் எங்கன்னு தெரியுமில்ல?"

சுண்டு பள்ளிக் கட்டிடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பயந்து பயந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டுக்குள் காலை வைத்தாள். தங்கை அவள் கழுத்தில் மெடலைப் போட்டாள். சுண்டு அதைச் சட்டென்று ஜாக்கெட்டுக்குள் தள்ளி மறைத்துக்கொண்டாள். கைதட்ட யாரும் இல்லை.

"இன்னைக்கு எங்கே போவே?" என்று கேட்டாள் ஒட்டடைக்குச்சி.

"தெரியல."

"என் வீட்டுக்கு வா. பிள்ளைங்க வெளியூர் போயாச்சு, ஒரு ரூம் காலியாத்தான் இருக்கு. கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும்தான்."

தங்கை சிரித்தாள். அன்றைக்கு முதல் முறையாக.

வலைக்கு வெளியே நின்ற பெண்களில் ஒருத்தி தயங்கித் தயங்கி, "ஆன்ட்டி, நாங்களும் வரலாமா?" என்று கேட்டாள். "வாங்களேன், உங்க கோர்ட்தானே" என்றாள் தங்கை. அவர்கள் உள்ளே காலெடுத்து வைப்பதற்குள் காவலாளி கேட்டண்டை வந்துவிட்டார். கையில் பெரிய பூட்டு, சாவி.

"எல்லாம் வெளிய வாங்கம்மா. விழா முடிஞ்சதும் பூட்டிடச் சொல்லி ஐயா உத்தரவு. பொம்பளப் பிள்ளைங்க பொழுது சாயற நேரத்துல இங்க குதிச்சிட்டு இருந்தா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்களாம். டீச்சரம்மா கூட இருந்தாத்தான் இனிமே திறக்கணுமாம்."

"எந்த ஐயா?" என்று கேட்டாள் ஒட்டடைக்குச்சி.

"கட்டிக் கொடுத்த ஐயாதான்."

தங்கை அந்தப் பூட்டைப் பார்த்தாள். பித்தளைப் பூட்டு. அடியில் கடைப் பேர் பொறித்திருந்தது. அன்றைக்கு அவள் அறைக்குப் போட்டதும் இதே மாதிரி ஒன்றுதான், கொஞ்சம் சின்னது. அவள் கோர்ட்டின் நடுவில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். ஒட்டடைக்குச்சி முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருத்தி பின் ஒருத்தியாக மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். சுண்டு மட்டும் நின்றாள். அப்புறம் அவளும் உட்கார்ந்தாள்.

காவலாளி தலையைச் சொறிந்தார். பாவம், நல்ல மனிதர். "என்னம்மா இது வம்பு? உள்ள ஆள வச்சுக்கிட்டு எப்படிம்மா பூட்டறது?"

"பூட்டலாம்" என்றாள் தங்கை. "எங்கண்ணன் பூட்டினார்."

காவலாளி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.